நேற்றைய நிலாவும் இரண்டரைத் தோசையும்

போன வாரம் ஒரு காலை, ஈப்போவில் ஒரு கிளினிக்கின் கார் நிறுத்துமிடத்தில் பசியோடு நின்றுகொண்டிருந்தேன். சர்க்கரைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். முதல் நாள் இரவு பத்து மணியிலிருந்து தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுபது தாண்டிய பிறகு நமக்கு வாய்க்கிற விரதம் இதுதான். எட்டு மணிக்குத் திறக்கும் என்று போட்டிருந்த கதவு எட்டேகால் ஆகியும் திறக்கவில்லை. எதிர்க் கடையில் ரொட்டி சானாய் போடுகிறார்கள். மார்ஜரின் உருகும் வாசனையும் கோப்பி வாசனையும் ரோட்டைத் தாண்டி வந்து என்னைச் சீண்டின. அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று முகத்தைத் தூக்கினேன். கிளேடாங் மலைக்கு மேலே நிலா.

நல்ல வெயில் அடிக்கிறது, நிலா பாட்டுக்கு நிற்கிறது. பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். ஓரத்தில் கடித்து வைத்த அப்பளம் போல இருந்தது. பசித்தவளுக்கு வேறெப்படித் தெரியும். கார்களுக்கு இடம் காட்டும் தம்பி என் பக்கத்தில் வந்து தானும் அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"நெலா."

"அட. பகல்லகூட வருமா லா இது?"

"மாசா மாசம் வரும் தம்பி. நாமதான் பாக்குறதில்ல."

அவர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வாய்க்குள் ஒரு வாக்கியம் ஊறியது: நிலா பார்த்தாச்சு, சாப்பிடலாம். தனியாக நின்று சிரித்தேன். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று அந்தத் தம்பி திரும்பிப் பார்த்தார். சர்க்கரை இல்லை, பாக்கியம் அக்காதான் காரணம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. உங்களுக்குச் சொல்கிறேன்.

பாக்கியம் அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. மரம் சீவும்போது எனக்கு அடுத்த நிரை, அதாவது மர வரிசை. நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுப் பதில் வருமென்று காத்திருந்த காலம். சும்மா இருப்பானேன் என்று மரம் சீவப் போனேன். இரண்டு வருஷம் போனேன். என் கத்திக்குத் தப்பிய பட்டை அந்த நிரையில் எதுவும் இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வாத்தியார் வேலைதான் சரி புள்ள, மரத்த விட்டுரு" என்பார். அவர் வாக்குப் பலிக்கவும் செய்தது.

அக்கா சீவுவதைப் பார்க்க வேண்டும். மரத்தைச் சுற்றி அரை வட்டம் நடப்பார், பட்டை ஒரே சுருளாகக் கீழே விழும், பால் கோட்டிலேயே ஓடி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கும். நான் ஒரு மரம் முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்துவிட்டு, என் நிரையில் வந்து இரண்டு சீவிக் கொடுத்துவிட்டுப் போவார். பதிலுக்கு நான் அவருக்கு மலாய் சொல்லிக் கொடுத்தேன். அதற்கொரு காரணம் உண்டு.

அக்காவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், இந்த நாட்டுக்காரர் இல்லை. நீலம் என்றால் குடிமகள். அக்கா பிறந்தது அதே தோட்டத்து லயத்து வரிசையில், ஆறாம் நம்பர் வீட்டில். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த குழப்பத்தில் பிறந்ததால் பிறப்புச் சூராட் எடுக்கவில்லை. அந்தச் சான்றிதழ் ஒன்று இல்லாததால், பினாங்கைக்கூடப் பார்த்திராத அக்கா வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டார். அவர் கணவர் நீலம், மகன் குமரன் நீலம். "எங்க வீட்டுல பூனைக்குக் கார்டு குடுத்தாலும் நீலந்தான் குடுப்பாங்க, நான் மட்டும் செவப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் சிரிக்காத நாள் ஒன்று உண்டு. ஓட்டுப் போடும் நாள். அன்றைக்குத் தோட்டத்துக்கு லாரி வரும். பெண்கள் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டுவார்கள், ஆண்கள் வேட்டியோ சிலுவார்க் கால்சட்டையோ தேய்த்துப் போடுவார்கள், பவுடர் வாசனை லயம் முழுக்க அடிக்கும். லாரி கிளம்பிய பிறகு பிள்ளைகளும் நாய்களும் பாக்கியம் அக்காவும் மிச்சம். எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்தான் காவல். சாயங்காலம் ஆட்கள் திரும்பி வந்து, பெட்டி எப்படி இருந்தது, யார் யார் வரிசையில் நின்றார்கள் என்று கதை பேசும்போது அவர் எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவார். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவார். அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

நீலக் கார்டுக்கு மனுப் போட்டால் ஈப்போவில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். மலாயில் பேச வேண்டும். முதல் தடவை போனபோது, மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், யார் என்று கேட்டதும் அக்காவுக்குச் சொந்தப் பெயரே மறந்துபோனது. அதன் பிறகுதான் எங்கள் ரப்பர் காட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. விடிந்தும் விடியாத நேரத்தில் அக்கா ஒரு நிரையிலிருந்து, "நாமா சாயா பாக்கியம்" என்று தன் பெயரைச் சொல்லிக் கத்துவார். நான் அடுத்த நிரையிலிருந்து, "எங்க பொறந்தீங்க?" என்று மலாயில் கத்துவேன். கொடியில் எத்தனை கோடு, சுல்தான் பெயர் என்ன, எல்லாம் மரத்துக்கு மரம் நடக்கும். பக்கத்து நிரைக்காரர்களுக்கும் பாடமாகிவிட்டது. மண்டோரே ஒருநாள் கோடு எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

படிப்பு ஒரு பக்கம், பிள்ளையார் ஒரு பக்கம். பௌர்ணமிக்கு அப்புறம் வருகிற சதுர்த்திக்கு மாதா மாதம் அக்கா விரதம். சங்கடஹர சதுர்த்தி. பொழுது விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, இரவு நிலா ஏறுவதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பாடு. அந்த வயிற்றோடு முந்நூறு நானூறு மரம் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பார். நீலக் கார்டு வரும்வரை விட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாராம்.

இரண்டாவது நேர்முகம் சரியாக அந்தச் சதுர்த்தியன்றே வந்தது. அக்கா பட்டினியோடு போனார். பஸ்ஸில் தலை சுற்றியது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்ல 'புவாசா' என்ற ஒரே சொல் போதும். இந்த நாட்டில் விரதம் என்றால் யாருக்குத்தான் புரியாது. அந்த ஒரு சொல்லும் வரவில்லை. அதிகாரி, இன்னொரு முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"நல்ல மனுசன் புள்ள. தண்ணி குடுத்தாரு. நாந்தான் வாயத் தொறக்கல" என்றார் அக்கா. அன்றைக்கும் பாத்திரம் ரொம்ப நேரம் கழுவினார்.

மூன்றாவது கடிதம் வந்தபோது நான்தான் படித்துக் காட்டினேன். தேதியை நாள்காட்டியில் புரட்டிப் பார்த்தேன். மறுபடியும் சதுர்த்தி. அக்காவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா, பிள்ளையாரே தேதி குறிச்சிட்டாரு."

"அக்கா, அன்னிக்கி மட்டும் சாப்புடுங்கக்கா. போன தடவ ஆனது போதும்."

"நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான்."

"தண்ணியாச்சும்?"

"ம்ஹூம்."

நானும் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். காலை ஏழரைக்கெல்லாம் சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தில் இறங்கினோம். ஈப்போ பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. அவர் தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் எழும் வாசனைக்கே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. அக்கா நாற்காலியை வாசனைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வழியிலேயே முகம் வெளுத்திருந்தது. பயமும் பசியும் சேர்ந்து, உதட்டுக்குள் மந்திரி பெயரை முணுமுணுத்தபடி இருந்தார். இன்றைக்கும் இவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று எனக்குப் பட்டது.

"அக்காவுக்கு ஒண்ணும் வேணாமா?" என்று பாய் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் இரக்கப்பட்டார்.

"எங்க நோன்புல பயணம் போறவங்களுக்குச் சலுகை இருக்கும்மா. இன்னிக்கி விட்டுட்டு, இன்னொரு நாள் புடிச்சு ஈடு பண்ணிக்கலாம்."

அக்கா நிமிர்ந்தார். "ஈப்போ போறது பயணத்துல சேருமா பாய்?"

பாய் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். மனுஷர் சொல்லவில்லை. "சேராதும்மா. இருவது மைலுதான. எங்க கணக்குக்கு அம்பதாச்சும் வேணும்."

அக்கா மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வெளியே வந்து நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், எதிர் வரிசைக் கடைகளின் ஓட்டுக் கூரைக்கு மேலே, இரண்டு முழம் உயரத்தில், பளிச்சென்ற வெயிலில் நிலா.

"அக்கா, வெளிய வாங்க. நெலாவப் பாத்துட்டுச் சாப்புடணும், அதான விரதம்?"

"ஆமா."

"அதோ நெலா."

அக்கா பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "அது நேத்து நெலா புள்ள. நேத்து ராத்திரி ஏறுனது, இன்னும் போகல" என்றார்.

"பஞ்சாங்கத்துல நேத்து நெலா, இன்னிக்கி நெலான்னு போட்டிருக்கா?"

"கேலி பண்ணாத."

"கேலி இல்லக்கா. பாக்கணும்னீங்க, பாத்துட்டீங்க. பிள்ளையாரு தேதி குறிச்சாருன்னு நீங்கதான சொன்னீங்க. நெலாவையும் அவருதான் நிக்க வெச்சிருக்காரு. இன்னும் அஞ்சு நிமிசத்துல கூரைக்குப் பின்னால போயிரும். அப்பறம் ராத்திரி ஒம்போது மணிதான்."

இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. பழைய வாளியைக்கூடத் தூக்கிப் போடாதவர் அக்கா, நிலாவை வீணாகப் போக விடுவாரா. ரோட்டோரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பஸ்ஸுக்கு நின்ற சீன அம்மா ஒருவர், என்ன இருக்கிறது என்று தானும் அண்ணாந்து பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒரு கும்பிடு போட்டார்.

"பாய், ரெண்டு தோச. சுருக்கா."

அக்கா உட்காரவில்லை. தட்டைக் கையில் ஏந்தி, வாசலில் நின்று, நிலாவைப் பார்த்தபடியே சாப்பிட்டார். இரண்டு முடிந்தது. இன்னொன்று கேட்டார். அதில் பாதி உள்ளே போனபோது நிலாவின் கீழ் விளிம்பு ஓட்டைத் தொட்டு, மெல்ல மெல்ல முழுக்க மறைந்தது. அக்கா கை அப்படியே நின்றது. தட்டை என்னிடம் நீட்டினார்.

"போயிருச்சு. போதும்."

"அரைத் தோசதானக்கா."

"போயிருச்சு புள்ள."

மிச்சத்தை நான் சாப்பிட்டேன். எனக்கு எந்த விரதமும் இல்லை, வெட்கமும் இல்லை.

ஈப்போ அலுவலகத்தில் அன்றைக்கு ஒரு மலாய் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில். கதவு அரைகுறையாகத் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. அந்த அம்மா பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார். பிறகு, பதற்றத்தில் இருந்தவரை நிதானப்படுத்தத்தான் என்று நினைக்கிறேன், மலாய்க்காரர்கள் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். "சூடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா.

ஆச்சு என்று சொன்னால் முடிந்தது. அக்காவுக்கு வழியெல்லாம் அந்தத் தோசை நெஞ்சை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

"சூடா மாக்கான், புவான்" என்றார். "தாப்பி சாலா." சாப்பிட்டாச்சு அம்மா, ஆனா தப்பு.

அதற்கப்புறம் கொட்டினார் பாருங்கள். இன்றைக்குப் புவாசா, நிலா பார்க்காமல் சாப்பிடக்கூடாது, வெளியே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் காலை நிலாவைக் காட்டினாள், அது நேற்றைய நிலாவா இன்றைய நிலாவா தெரியவில்லை, இரண்டரைத் தோசை சாப்பிட்டேன், நீங்களும் புவாசா இருக்கிறவர், நீங்களே சொல்லுங்கள் சரியா தப்பா. தோட்டத்து மலாய். இலக்கணம் ரப்பர் காட்டில் தொலைந்துபோன மலாய். ஆனால் ஓடியது, அவர் சீவிய மரத்துப் பால்போல நிற்காமல் ஓடியது. அந்த அம்மா பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். மூன்று பேரும் நிலாவைப் பற்றி வழக்கு நடத்தினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. இருபது நிமிஷம் கழித்து அந்த அம்மா கதவுக்கு வெளியே தலையை நீட்டி, இவரைச் சாப்பிடச் சொன்னது நீதானா என்று மலாயில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் எழுந்து நின்று ஆமாம் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்த அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "மந்திரி பேரும் கேக்கல, கொடியும் கேக்கல. நீ சொல்லிக் குடுத்தது பூரா வீணு."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினோம். ஆனால் பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். அக்காவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மரத்துக்கு மரம் நடக்கும்போது திடீரென்று நின்று, "நெலா போனப்பறம் ஒரு வாய் உள்ள போயிருக்குமோ?" என்பார். இல்லை அக்கா, நான் பார்த்தேன் என்பேன். எனக்கும் பயம்தான். இல்லை என்று கடிதம் வந்தால், ஆயுசுக்கும் அதற்கு நான்தான் காரணம். அக்கா ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் பயம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பாய் சொன்னபடி வேறொரு நாள் முழுப் பட்டினி கிடந்து ஈடு செய்தார். பாய் வீட்டுச் சட்டத்தைப் பிள்ளையார் ஏற்றுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

இதற்குள் சேதி லயத்தில் பரவி, அடுத்த சதுர்த்திக் காலையில் மூன்று பெண்கள் வாளியை வைத்துவிட்டு மேற்கே பார்த்து நின்றார்கள். கோயில் பண்டாரம் என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரம்மா, ஒங்க புதுச் சாஸ்திரத்த ஒங்களோட வெச்சுக்குங்க" என்று கும்பிட்டார். பயிற்சிக்குக்கூட இன்னும் கூப்பிடவில்லை, அதற்குள் வாத்தியாரம்மா.

ஒன்பதாம் மாதம் கடிதம் வந்தது. அக்கா ஈப்போவுக்குப் போய்க் கார்டை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வந்தார். எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்ற நேரம். பால் கையோடு யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பு. கார்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தார். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். படத்தில் அக்கா முறைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ தொடு" என்றார். நான் தொடவில்லை, அழுதுவிட்டேன். ஸ்டோரின் புளித்த வாடையில் எல்லாருக்குமே கண் எரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஓட்டு நாளில் லாரி வந்தது. அக்கா மாம்பழக் கலர் சேலையில் முதல் ஆளாக ஏறி முன்னால் நின்றார். எனக்கு அப்போது இருபது வயது. ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் அன்றைக்கு நான்தான் காவல். லாரி திரும்பும் வரை அவ்வளவு பேரையும் சமாளித்ததற்கு, ஆசிரியர் பயிற்சிக்கு அப்போதே சான்றிதழ் கொடுத்திருக்கலாம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. நான் பயிற்சிக்குப் போய், ஈப்போவில் வேலையாகி, இங்கேயே தங்கிவிட்டேன். தோட்டம் கைமாறியது, ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள். அக்கா சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு வீட்டுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். அந்த வேலைக்கும் நீலக் கார்டு கேட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார். பாய் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். ஓட்டுக் கூரைகள் போய் நாலு மாடி வந்துவிட்டது. அக்கா ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. கடைசித் தடவை சக்கர நாற்காலியில் போனார், மாம்பழக் கலரில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா போனார். எழுபத்தெட்டு. தூக்கத்திலேயே. இறப்பைப் பதிய குமரனோடு நானும் போயிருந்தேன். கவுன்டரில் சின்னப் பெண், மரியாதையாகப் பேசியது. விண்ணப்பத்தை நான் நிரப்பினேன்; குடியுரிமை என்ற இடம் வந்ததும், குமரன் சொல்வதற்கு முன்னாலேயே நான் "மலேசியா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் இறந்தவரின் கார்டைக் கேட்டது. குமரன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்காது, ஒப்படைத்துவிட வேண்டும், எல்லாருக்கும் அப்படித்தான் என்றது. எல்லாருக்கும் அப்படித்தான் என்றதும் குமரன் தலையை ஆட்டினான். அந்தப் பெண் கார்டைப் பக்கத்திலிருந்த ஒரு தட்டில் போட்டது. அதில் ஏற்கெனவே ஏழெட்டுக் கார்டுகள் கிடந்தன, எல்லாம் நீலம். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அதில் எது அக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.